சின்னக் குளியலறைக்குப் பெரிய டைல்ஸ் பொருந்துமா?

கேள்வி: ஜூன் 2, 2025

திருச்சியில் 780 சதுர அடி அடுக்கக வீடு, முதல் மாடி. கட்டி 25 ஆண்டுகள் ஆகின்றன. குளியலறை 4-க்கு 7 அடி. இப்போது எல்லோரும் 2-க்கு 4 அடி டைல்ஸ்தான் போடுகிறார்கள், இடம் பெரிதாகத் தெரியும், பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே ஒட்டிவிடலாம், இரண்டே நாள் வேலை என்கிறார் கடைக்காரர். அண்ணன் தனி வீடு கட்டியிருக்கிறார். அங்கே இதே டைல்ஸ் மிக அழகாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்கும் சரிவருமா?

ஜூன் 2, இரவு

சுவருக்குப் போடுங்கள். தரைக்கு வேண்டாம்.

குளியலறைத் தரைக்கு வாட்டம் வேண்டும். குளிக்கிற பகுதியில் அடிக்குக் கால் அங்குலம் சரிவு இருந்தால்தான் தண்ணீர் தானாக ஜாலிக்கு, அதாவது வடிகால் வாய்க்கு ஓடும். பெரும்பாலான வீடுகளில் ஜாலி ஒரு மூலையில் இருக்கிறது. அப்படியானால் தரை இரண்டு பக்கமாகச் சரிய வேண்டும். நாலடி நீளமுள்ள பலகை போன்ற டைல்ஸ் இரண்டு பக்கமாக எப்படிச் சரியும்? குறுக்கே வெட்டித்தான் போட வேண்டும். வெட்டாமல் போட்டால் ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் நடுவில் தண்ணீர் நிற்கும், துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே இருப்பீர்கள். ஓரடிச் சதுரமாக, சொரசொரப்பானதாக வாங்குங்கள். ஆர்-10, ஆர்-11 என்று வழுக்காத தன்மைக்குக் குறியீடு உண்டு. கடையில் கேளுங்கள். இணைப்புக் கோடுகள் நிறைய இருப்பதும் ஈரக்காலுக்குப் பிடிமானம்தான்.

ஜூன் 3, காலை

நேற்று அவசரமாக எழுதிவிட்டேன். உடைக்காமல் மேலேயே ஒட்டுவது பற்றிச் சொல்லாமல் விட்டது பெரிய குறை. உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையில் பயம் தந்தது அந்த வரிதான்.

என் வீடு சென்னை மடிப்பாக்கத்தில், இரண்டாம் மாடி, 1996-இல் கட்டியது. குளியலறை 5-க்கு ஏழரை அடி. 2022 நவம்பரில் கீழ்வீட்டுக்காரர் அழைத்துக் காட்டினார்: எங்கள் குளியலறைக்கு நேர் கீழே அவர்கள் கூரையில் தாம்பாளம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து, கம்பி துருவேறித் தெரிந்தது. அவர்கள் வீட்டுக் குழந்தை அதற்குக் கீழே நின்றுதான் பல் துலக்கும். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் அடுக்ககங்களில் குளியலறைத் தளத்தை மட்டும் முக்கால் அடி, ஓரடி தாழ்த்தி வார்த்திருப்பார்கள். சங்கன் என்பார்கள். அந்தப் பள்ளத்தில் குழாய்களை ஓட்டி, செங்கல் துண்டுகளைக் கொட்டி நிரப்பி, மேலே தரை போடுவார்கள். டைல்ஸ் இடுக்கில் இறங்குகிற தண்ணீரும், குழாய் இணைப்பில் கசிகிற தண்ணீரும் அந்தச் செங்கல் துண்டுகளில் ஊறிக்கிடக்கும், ஆண்டுக்கணக்கில். மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. கூரை நனைவது கீழ்வீட்டுக்காரருக்கு மட்டும்தான். எங்கள் தரையை உடைத்தபோது வெளியே வந்த செங்கல் துண்டுகளைச் சித்தாள் அம்மா கையில் எடுத்துப் பிழிவது போல் காட்டினார். தண்ணீர் சொட்டியது.

25 ஆண்டு பழைய தரையின் மேல் புது டைல்ஸ் ஒட்டினால் அந்த ஈரத்துக்கு இன்னொரு மூடி போட்டதாகத்தான் ஆகும்.

ஜூன் 3, மாலை

எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2023-இல் எனக்கு மொத்தம் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபாய். அதில் டைல்ஸ் 32,000. உடைப்பு, இடிபாட்டை மூட்டைகட்டி இறக்கியது, குழாய் மாற்றியது, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு எல்லாம் சேர்ந்து 70,000-ஐத் தாண்டியது. கண்ணுக்குத் தெரியாத வேலைக்குத்தான் பெரும்பணம் போனது. இன்று மீண்டும் செய்தாலும் அப்படித்தான் செலவிடுவேன். பணம் போதவில்லை என்றால் டைல்ஸ் விலையைக் குறையுங்கள், பூச்சில் கைவைக்காதீர்கள்.

பழைய இரும்புக் குழாய்கள் சுவருக்குள் இருந்தால் அவற்றையும் இப்போதே எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் வெட்டியெடுத்த முக்கால் அங்குலக் குழாயில் துரு அடைத்து, பென்சில் நுழையும் அளவு ஓட்டைதான் மிச்சம் இருந்தது. சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் குழாய் போட்டு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூன் 5

பூச்சு எப்படி அடிப்பது என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். பள்ளத்தைச் சுத்தமாகக் கூட்டி, சுவரும் தரையும் சேருகிற மூலைகளைக் கலவையால் வளைவாகப் பூசி, சிமெண்டும் பாலிமர் திரவமும் கலந்த பூச்சை இரண்டு கை அடிக்க வேண்டும். முதல் கை நெடுக்காக, காய்ந்ததும் இரண்டாவது குறுக்காக. சுவரிலும் ஓரடிக்காவது ஏற்ற வேண்டும். ஷவர் இருக்கும் சுவரில் ஆள் உயரத்துக்கு. பள்ளத்தை நிரப்பிய பிறகு, டைல்ஸுக்கு முன் மறுபடியும் ஒருமுறை. பிறகு வடிகாலை அடைத்து, தண்ணீர் நிரப்பி, ஒருநாள் விட்டுக் கீழ்வீட்டுக் கூரையைப் பாருங்கள்.

ஜூன் 6

திருத்தம். நேற்று ஒருநாள் என்று எழுதினேன். தவறு, 48 மணி நேரம் நிறுத்துங்கள். என் தங்கை வீட்டில் முதல்நாள் மாலை கூரை காய்ந்தே இருந்தது. இரண்டாம் நாள் காலையில்தான் குழாய் நுழையும் இடத்தைச் சுற்றி ஈர வளையம் தெரிந்தது. அன்று ஒருநாளோடு நிறுத்தியிருந்தால் அதன் மேல் டைல்ஸ் போயிருக்கும். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவையுங்கள்.

ஜூன் 9

கோவையிலிருந்து எழுதியவர் சொல்வது சரி: சுவரில் பழைய டைல்ஸ் மேல் புதியதை ஒட்டலாம். நான் தரையை மட்டும் மனத்தில் வைத்துப் பேசிவிட்டேன். தட்டிப் பார்த்து டொக்கு டொக்கென்று வெற்றொலி கேட்காத சுவராக இருந்தால் சரி. ஆனால் புது டைல்ஸின் கனம் எவ்வளவோ அந்த அளவு குழாயின் உடல் சுவருக்குள் போய்விடும். நீட்டிப்புத் துண்டு போட வேண்டியிருக்கும். சிமெண்டுப் பாலில் ஒட்டச் சொல்லாதீர்கள். விட்ரிஃபைடு டைல்ஸ், அதாவது கண்ணாடிபோல் இறுகச் சுட்ட வகை, அரை விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் தண்ணீர் உறிஞ்சும், சிமெண்டு அதைப் பற்றாது. அதற்கான ஒட்டுப்பசை மூட்டையாகவே கிடைக்கிறது.

இன்னொன்று. கமோடு மாற்றுகிறவர்கள் கடைக்குப் போகும்முன் அளவெடுங்கள். எஸ் ட்ராப், அதாவது கழிவு தரைவழியே இறங்கும் வகை என்றால், பின்சுவரின் டைல்ஸ் முகத்திலிருந்து தரையிலுள்ள துளையின் மையம் வரை எத்தனை அங்குலம்? 9, 12 என்ற இரண்டு அளவுகள்தான் அதிகம் கிடைக்கும். சுவரில் டைல்ஸ் மேல் டைல்ஸ் ஏற்றினால் அந்த 9 அங்குலத்தில் அரை அங்குலத்துக்கு மேல் குறைந்துபோகும். கமோடு சுவரில் முட்டிக்கொண்டு உட்காராது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதற்காகவே புதுக் கமோடு ஆறு மாதம் வராந்தாவில் பெட்டியோடு கிடந்தது.

ஜூன் 14

இப்போது அளவு வாரியாகச் சொல்கிறேன். மூன்று குளியலறைகள் எங்கள் குடும்பத்தில் மாறியிருக்கின்றன.

தங்கைக்கு அம்பத்தூரில் நாலுக்கு ஆறரை அடி. கட்டட விதித்தொகுப்பு, கழிப்பறை சேர்ந்த குளியலறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 30 சதுர அடி என்கிறது. அவளுடையது அதையும் எட்டவில்லை. இவ்வளவு சின்ன இடத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஈரப்பகுதி, உலர்பகுதி என்று பிரிப்பது வீண். முழங்கை இடிக்கும். அவள் செய்ததில் என் மனத்துக்குப் பிடித்தது சுவருக்குள் குடைந்த மாடம். சோப்பு, ஷாம்பு, சீயக்காய் டப்பா எல்லாம் அதற்குள். இன்று படங்களில் புதுமை என்று காட்டுகிறார்கள். பாட்டி வீட்டில் விளக்கு வைத்த மாடப்பிறைதான் குளியலறைக்கு வந்திருக்கிறது. மாடத்தின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாகச் சிறிது சரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீர் அதிலேயே நிற்கும். நாலரை அங்குலச் சுவரைக் குடையக் கூடாது; அது மறுபக்கம் பெயர்ந்துகொண்டு வந்துவிடும்.

கதவைச் சறுக்குக் கதவாக்கினாள். முன்பு கதவு உள்ளே திறந்து கால்வாசி இடத்தைத் தின்றுகொண்டிருந்தது.

என் அண்ணன் வீட்டைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 15

கதவு என்று எழுதியதும் இரவெல்லாம் அதே நினைவு. சொல்லிவிடுகிறேன்.

2021 ஏப்ரலில் அம்மா எங்கள் பழைய குளியலறையில் வழுக்கி விழுந்தார். அப்போது 74 வயது. மணிக்கட்டு முறிந்தது. உள்ளே திறக்கும் கதவு. அம்மா விழுந்துகிடந்தது கதவை ஒட்டி. தாழ்ப்பாள் போடவில்லை, ஆனாலும் என்னால் திறக்க முடியவில்லை. தள்ளினால் அம்மாவின் தலையில் இடிக்கும். "தள்ளாதடி, நானே நகர்கிறேன்" என்று அம்மா உள்ளிருந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஒற்றைக் கையை ஊன்றி அம்மா நகர்ந்து முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

வயதானவர்கள் இருக்கிற எந்த வீட்டிலும் குளியலறைக் கதவு வெளியே திறக்கட்டும், அல்லது சறுக்கட்டும். இதற்கு அறை பெரிதா சிறிதா என்ற கணக்கே இல்லை.

ஜூன் 15, மாலை

கைப்பிடிக் கம்பி பற்றிக் கேட்டவருக்கு: படத்தில் பார்த்த உயரத்தில் பொருத்தாதீர்கள். யார் பிடிக்கப்போகிறாரோ அவரைக் கமோடில் உட்காரவைத்து, எழும்போது கை இயல்பாக எங்கே போகிறது என்று சுண்ணக்கட்டியால் குறியுங்கள். நாங்கள் குறித்த இடம் பிளம்பர் சொன்ன இடத்துக்கு ஐந்து அங்குலம் கீழே இருந்தது. பின்னால் செங்கல் சுவர் உள்ள இடமாக இருக்க வேண்டும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வகை முழு எடையைத் தாங்காது, அதை நம்ப வேண்டாம். ஓர் உட்காரும் பலகையும் சேர்த்துப் போட்டோம். அம்மா அதில் அமர்ந்து வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்வார்.

ஜூன் 22

வாளியா, ஷவரா என்று இங்கே பெரிய வாதமே நடந்திருக்கிறது. நான் இரண்டின் பக்கமும் இருக்கிறேன். ஆனால் கூரையிலிருந்து மழைபோல் கொட்டும் அகன்ற ஷவர் தலையை வாங்குவதற்கு முன் உங்கள் மாடியைப் பாருங்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு பார் அழுத்தம் தரும். கடைசி மாடி வீட்டில் தொட்டியின் அடி, ஷவருக்கு மேலே எட்டடி, பத்தடிதான் இருக்கும். கால் பாரோ அதைவிடச் சற்று அதிகமோதான் வரும். அந்த அகன்ற தலையிலிருந்து நூல் நூலாகத்தான் ஒழுகும். முதல் மாடிக்காரர்களுக்கு அந்தக் கவலை குறைவு. மேல்மாடி என்றால் சின்னத் தலை உள்ள கைஷவர் போதும், அல்லது அழுத்தம் ஏற்றும் மோட்டார்.

2019 கோடையில் சென்னையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். அப்போது ஷவரைக் கழற்றி வைத்துவிட்டு வாளியில்தான் குளித்தோம். ஆகவே ஷவருக்குக் கீழே தாழ்வாக ஒரு குழாய் கட்டாயம் வையுங்கள். இப்போதைய வடிவமைப்புப் படங்களில் அந்தக் குழாயை எடுத்துவிடுகிறார்கள், எனக்கு அதில் சம்மதமே இல்லை. கமோடுக்கு 3 லிட்டர், 6 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ள தொட்டி வாங்குங்கள். பழைய தொட்டிகள் ஒரே அழுத்தில் 10 லிட்டருக்கு மேல் கொட்டின.

ஜூலை 1

கருப்புக் குழாய். தங்கை ஆசைப்பட்டு வாங்கினாள். வந்த அன்று கண்ணைப் பறித்தது. அவர்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று உப்புநீர். ஒரே மாதத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஆசிட் பட்டால் கருப்புப் பூச்சு கெடும் என்பதால் அழுத்தித் தேய்க்கவும் முடியவில்லை. தினமும் குளித்து முடித்ததும் துணியால் துடைத்துவிடுகிறாள். துடைக்கும் வீட்டில் அழகாகவே இருக்கிறது. உப்புநீர் வீடு, துடைக்க ஆளில்லை என்றால் பளபளப்பான குரோம் வாங்குங்கள். கண்ணாடித் தடுப்புக்கும் இதே நியாயம்.

ஆசிட் என்றதும் ஒன்று: குளியலறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய சின்ன அறையில் அது ஆளையே கொல்லக்கூடும். வேலைக்கு வரும் பெண்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

ஜூலை 13

அண்ணன் வீடு. தஞ்சாவூர், தனி வீடு, குளியலறை 8-க்கு 10 அடி. பெரிய இடம் கிடைத்தால் எல்லாம் எளிது என்று நினைத்தேன். இல்லை. பத்தடிக்கு வாட்டம் கொடுத்தால் ஒரு பக்கம் தரை இரண்டரை அங்குலம் இறங்கிவிடும். நிற்கும்போதே கால் உணரும். அதனால் குளிக்கும் பகுதியை மட்டும் மூன்றரை அடி அகலத்துக்கு ஒதுக்கி, அங்கே ஓர் ஓரமாக நீள வடிகால் போட்டார்கள். நீள வடிகால் என்றால் தரை ஒரே பக்கமாகச் சரிந்தால் போதும். பெரிய டைல்ஸ் அங்கே வெட்டாமலே உட்காரும். உங்கள் அண்ணன் வீட்டிலும் இப்படித்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். மீதி இடத்துக்கு இலேசான சரிவும் தனி ஜாலியும்.

அண்ணிக்கு ஆத்தங்குடிக் கல் மேல் ஆசை. காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றிக் கையால் செய்வது. சூளையில் சுடுவதில்லை, நீரில் ஊறவைத்து உலர்த்துவதுதான். நடக்க நடக்க மெருகேறும். ஆனால் சிமெண்டு ஆயிற்றே, ஆசிட் பட்டால் அரித்துவிடும். ஷவருக்குக் கீழே வேண்டாம் என்று கெஞ்சி, முகம் கழுவும் தொட்டிக்கு முன்னால் மட்டும் போடவைத்தோம். பச்சையும் காவியும். அந்த அறையில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

குளிக்கும் தண்ணீரைத் தனிக் குழாயில் கொல்லைக்கு விட்டிருக்கிறார் அண்ணன். கல்வாழைப் பாத்தி வழியாகப் போய் வாழைக்குப் பாய்கிறது. எங்கள் ஊர்வீட்டில் கிணற்றடியில் குளித்தால் அந்தத் தண்ணீர் நேரே வாழைக்குத்தான் போகும். அப்பா துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று குளிப்பார், காலுக்கடியில் வாய்க்கால் ஓடும். தனி வீடு இருக்கிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். அடுக்ககத்தில் நம்மால் முடியாது.

ஜூலை 20

சுவரில் தொங்கும் கமோடு: சின்ன வீட்டுக்கு வேண்டவே வேண்டாம் என்று இங்கே வேறொருவருக்குப் பதில் எழுதியிருந்தேன். தொட்டி சுவருக்குள் இருக்கிறது, பழுதானால் சுவரை உடைக்க வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் பிளம்பர் நேற்று தண்ணீர் விட அழுத்தும் தகட்டைக் கழற்றி, அந்தச் சதுர ஓட்டைக்குள் கைவிட்டு உள்ளிருக்கும் வால்வை வெளியே எடுத்துக் காட்டினார். என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். உதிரிப்பாகம் உங்கள் ஊரில் கிடைக்கும் வகையாக இருந்தால் வாங்கலாம். தரையைத் தடையில்லாமல் கழுவலாம் என்பது சின்ன அறையில் பெரிய ஆறுதல். இரும்புச் சட்டத்தில்தான் அது நிற்க வேண்டும். தொட்டிக்காகச் சுவர் ஐந்தாறு அங்குலம் முன்னால் வரும், அதையும் கணக்கில் எடுங்கள்.

ஜூலை 21

சிங்கப்பூரிலிருந்து எழுதியவருக்கு நன்றி. அங்கே அரசின் வீடமைப்புக் கழகம் (வீவக) கட்டும் புது வீடுகளில் முதல் மூன்று ஆண்டுகள் குளியலறைத் தரை, சுவர் டைல்ஸை உடைக்கவே அனுமதி இல்லை என்கிறார், தடுப்புப் பூச்சு சேதமாகாமல் இருக்க. கீழ்வீட்டுக் கூரைக்கு அப்படி ஒரு காவல் இருப்பது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 24

திருச்சிக்காரர் தரையை உடைத்துவிட்டார்! படம் அனுப்பியிருக்கிறார். தரைவடிகாலின் ட்ராப்பும் (நீர் தேங்கி நிற்கும் வளைவு) குழாயும் சேரும் இடத்தில் விரிசல், சுற்றிலும் செங்கல் துண்டுகள் கறுத்துக்கிடக்கின்றன. 25 ஆண்டுகள் மூடிக்கிடந்தது. இதன் மேலேதான் இரண்டே நாளில் ஒட்டச் சொன்னார்கள். எனக்குக் கோபம் தணியவில்லை.

நாலைந்து நாள் வெயிலும் காற்றும் பட விட்டுவையுங்கள். ஈரத்தின் மேல் பூச்சு அடித்தால் உரிந்து வந்துவிடும். குளிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போவது சிரமம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 4

உங்கள் ஊருக்கு ஒரு நடை போக மாட்டேனா என்று இருக்கிறது. மேஸ்திரி டைல்ஸ் போடும்போது நீங்கள் செய்யக்கூடியது: ஒரு வரிசை முடிந்ததும் ஒரு குவளை தண்ணீரை மூலையில் ஊற்றிப் பாருங்கள். ஓடி ஜாலிக்குப் போகிறதா? கலவை இறுகுவதற்கு முன் சொன்னால் அவரே எடுத்து மாற்றிவிடுவார், முகம் சுளிக்க மாட்டார். மறுநாள் சொன்னால் சண்டைதான் வரும். கீசருக்குத் தனி இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் பாதுகாப்புச் சுவிட்சும் உண்டா என்று மின்பணியாளரிடம் கேளுங்கள்.

செப்டம்பர் 9

48 மணி நேரம் முடிந்து கீழ்வீட்டுக் கூரை காய்ந்தே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பென்சில் கோட்டிலிருந்து தண்ணீர் மயிரிழை இறங்கியது ஆவியானதாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம். சுவருக்கு அந்த 2-க்கு 4 அடி டைல்ஸையே வாங்குங்கள், வெளிர்மணல் நிறம் உங்கள் வெளிச்சம் குறைந்த அறைக்கு எடுப்பாக இருக்கும். தரைக்கு அதே சாயலில் ஓரடிச் சதுரம்.

நாளை தச்சர் வருகிறார் என்றீர்களே. கதவு வெளியே திறக்கும்படி அளவெடுக்கச் சொல்லிவிடுங்கள்.